சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

மாணவர்களே, உங்கள் குடியிருப்பில் இரவு நேரத்தில் நிறுத்தப்படும் பழைய லோரி எதையாவது பார்த்திருக்கிறீர்களா? காலையில் அது வேலைக்குப் புறப்பட்ட பிறகு, நின்ற இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம் தெரியும். எஞ்சினில் எண்ணெய் கசிகிறது. எங்கிருந்து? வட்டத்துக்கு நேர் மேலே பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நினைப்பீர்கள். பலரும் ஏமாறுவது அங்கேதான்.

நம் சாலைகளில் ஓடும் பழைய சிறிய லோரிகளில் இசூசு 4ஜேபி1 என்ற டீசல் எஞ்சினைக் காணலாம். நான்கு சிலிண்டர்கள், கொள்ளளவு 2,771 கன சென்டிமீட்டர். அப்படி ஒரு லோரியில், எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் எண்ணெய் சொட்டுவதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஓர் ஆயில் சீல் இருக்கிறது. சுழலும் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி உதடுபோல் அழுத்திப் பிடித்து, எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம் அது. சீலின் விலை குறைவு. ஆனால் அதை மாற்றக் கியர்பாக்ஸையும் கிளட்சையும் கழற்ற வேண்டும். கூலி ஒருபுறம், லோரி ஓடாததால் போகும் வருமானம் மறுபுறம். இவ்வளவும் செய்த பிறகு, அடுத்த வாரம் அதே இடத்தில் மீண்டும் சொட்டினால் அந்த லோரியை நம்பியிருக்கும் குடும்பம் என்ன செய்யும்?

அப்படி நடப்பதுண்டு. ஏனென்றால், உண்மையான கசிவு எஞ்சினின் உச்சியில், ராக்கர் கவர் என்ற மூடியின் ஓரத்தில் இருந்திருக்கலாம். அங்குள்ள கேஸ்கெட்டை மாற்றுவது அதைவிட மிக எளிய, மலிவான வேலை.

எண்ணெய் பயணம் செய்யும்

எண்ணெய் உலோகத்தை நன்றாக நனைக்கும் திரவம். கசிந்தவுடன் துளியாகி விழாது. உலோகப் பரப்போடு ஒட்டிக்கொண்டு வழியும். ஈர்ப்பு விசை அதைக் கீழே இழுக்கிறது. லோரி ஓடும்போது எதிர்க்காற்றும் எஞ்சினின் காற்றாடியும் அதைப் பின்னால் தள்ளுகின்றன. கடைசியில் எது மிகத் தாழ்ந்த முனையோ அங்கே சேர்ந்து சொட்டுகிறது. ஆகவே தரையில் தெரியும் வட்டம் பயணத்தின் முடிவு மட்டுமே. தொடக்கத்தைக் கண்டுபிடிக்க எதிர்த்திசையில் போக வேண்டும். ஈரமாக உள்ள இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறது, எது மிக முன்னால் இருக்கிறது என்று மெக்கானிக் தேடுவது இதனால்தான்.

முதலில் அது எஞ்சின் எண்ணெய்தானா?

இரவில் லோரியின் அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்து வைத்தால் காலையில் சான்று கிடைக்கும். டீசல் எஞ்சின் எண்ணெய் கரித்துகள் கலந்து கறுப்பாக இருக்கும். குளிரூட்டும் நீர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும், தண்ணீர்போல் ஓடும். கியர் எண்ணெயில் கந்தகச் சேர்மங்கள் இருப்பதால் நாற்றம் கடுமையாக இருக்கும். டீசலை அதன் வாடையே காட்டிக்கொடுத்துவிடும்.

எஞ்சின் எண்ணெய்தான் என்று உறுதியானால், அடுத்த வேலை கழுவுவது. பல ஆண்டு அழுக்கும் எண்ணெயும் கலந்து படிந்த எஞ்சினில் எல்லா இடமும் ஈரமாகத்தான் தெரியும். கழுவி உலர்த்திய பின், சந்தேகம் உள்ள பகுதிகளில் முகப் பவுடரைத் தூவி, எஞ்சினைச் சற்று நேரம் ஓட்டிப் பார்ப்பார்கள். கசியும் இடத்தில் வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு விழும்.

இன்னொரு வழியும் உண்டு. ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து எஞ்சினை ஓட்டிய பின், புற ஊதா விளக்கால் பார்ப்பது. சாயம் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் பச்சை ஒளியாக வெளியிடும். ரிங்கிட் நோட்டைப் புற ஊதா விளக்கில் காட்டினால் சில குறிகள் ஒளிர்வதும் இதே தத்துவத்தால்தான்.

எப்போது கசிகிறது?

எஞ்சினுக்குள் எண்ணெய் இரண்டு நிலைகளில் இருக்கிறது. பம்ப் தள்ளும் பாதையில் அது அழுத்தத்தில் இருக்கும். வடிகட்டி, எண்ணெய் அழுத்த உணரி ஆகியவை இந்தப் பாதையைச் சேர்ந்தவை. இங்கே கசிவு இருந்தால் எஞ்சின் ஓடும்போது பீறிடும், நிறுத்தியதும் அடங்கும். அடித்தொட்டியில் எண்ணெய் அழுத்தமின்றித் தேங்கி நிற்கிறது. அதன் கேஸ்கெட் கெட்டிருந்தால், லோரி நின்றிருக்கும் இரவிலும் சொட்டும். ஆக, கசியும் நேரமே ஒரு துப்பு.

பிரேக்கோடு சம்பந்தப்பட்ட ஓர் இடமும் உண்டு. டீசல் எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் பாதையில், பிரேக்கை இலகுவாக்கப் போதுமான வெற்றிடம் உண்டாவதில்லை. அதனால் இந்த வகை எஞ்சின்களில், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒரு வெற்றிடப் பம்ப் பொருத்தப்பட்டிருக்கும். அதற்கும் எஞ்சின் எண்ணெய்தான் மசகு. அந்த எண்ணெய்க் குழாய் வெடித்துக் கசிந்தால் எஞ்சின் பக்கவாட்டு முழுவதும் நனையும். எண்ணெய் கிடைக்காமல் பம்ப் தேய்ந்துபோனால் பிரேக் மிதி கல்போல் கனக்கும். பாரம் ஏற்றிய லோரி இறக்கத்தில் வரும்போது அது எவ்வளவு ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள். சூடான புகைபோக்கிக் குழாயில் எண்ணெய் வழிந்தால் தீப்பற்றவும் கூடும்.

ஏன் கசிந்தது?

இடத்தைக் கண்டுபிடித்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. பழைய எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கும். எரிந்த வாயுவில் ஒரு பகுதி அந்த இடைவெளி வழியாகக் கீழே இறங்கும். அதை வெளியேற்ற ஒரு மூச்சுக் குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயை வெளியே தள்ளும். இந்த நிலையில் புதுச் சீல் போட்டாலும் நிலைக்காது. குழாயைச் சுத்தம் செய்தாலே கசிவு குறையலாம்.

சீலும் மூப்படையும். பல ஆண்டு வெப்பத்தில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ரப்பர் இறுகும். உதட்டின் நெகிழ்ச்சி போய்விடும். ரப்பர் விளைந்த நாட்டுப் பிள்ளைகளான உங்களுக்கு ஒரு கேள்வி: எஞ்சின் சீலை நம் இயற்கை ரப்பரால் ஏன் செய்வதில்லை? வீட்டிலேயே விடை காணலாம். சோறு கட்டிவரும் ரப்பர் வளையத்திலிருந்து சம நீளத்தில் இரண்டு துண்டுகளை வெட்டுங்கள். ஒன்றைச் சமையல் எண்ணெயிலும் மற்றதைத் தண்ணீரிலும் மூன்று நாள் ஊறவிட்டு அளந்து பாருங்கள். எண்ணெயில் ஊறியது உப்பியிருக்கும்; எளிதில் அறுபடும். இயற்கை ரப்பரின் மூலக்கூறுகள் எண்ணெயைப் போலவே முனைவற்றவை. அதனால் எண்ணெயை உள்ளே விட்டுவிடுகின்றன. செயற்கையான நைட்ரைல் ரப்பரில் முனைவுள்ள பகுதிகள் இருப்பதால் அது எண்ணெயை எதிர்த்து நிற்கிறது. எஞ்சின்களில் இத்தகைய செயற்கை ரப்பர்களையே பயன்படுத்துகிறார்கள்.

சில சொட்டுதானே?

கணக்குப் போடுவோம். ஒரு சொட்டு 0.05 மில்லிலிட்டர் என்று கொள்ளுங்கள். பத்து வினாடிக்கு ஒரு சொட்டு என்றால், ஒரு மணி நேரத்தில் 360 சொட்டு, அதாவது 18 மில்லிலிட்டர். நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் ஓடினால் 1,080 மில்லிலிட்டர். ஒரு லிட்டருக்கும் மேல்! அளவுக் கம்பியைப் பார்க்காமல் இரண்டு மூன்று வாரம் ஓட்டினால் எஞ்சினே இறுகி நின்றுவிடலாம்.

சிந்திய எண்ணெய் மழையில் கால்வாய்க்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் போகிறது. 2020 செப்டம்பரில் சிலாங்கூரின் சுங்கை கோங்கில் வாடை மிகுந்த கழிவு கலந்தபோது, நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூட நேர்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான நீர்க் கணக்குகள் பாதிக்கப்பட்டன. பயன்படுத்திய எஞ்சின் எண்ணெய் நம் நாட்டுச் சட்டப்படி எஸ்டபிள்யூ 305 என்று பட்டியலிடப்பட்ட கழிவு. கால்வாயில் ஊற்றக் கூடாதது அது.

உங்கள் வீட்டில் லோரியோ பழைய காரோ இருந்தால், வெள்ளை அட்டைச் சோதனையை இன்றிரவே செய்யலாம். அட்டையை ஒரு குச்சியால் தள்ளி வையுங்கள். வண்டியின் அடியில் நீங்கள் நுழைய வேண்டாம். சொட்டின் நிறம், வாடை, விழுந்த இடம், எஞ்சின் சூடாக இருந்ததா இல்லையா என்பதைத் தேதியோடு ஒரு வாரம் குறித்து வைத்து, அப்பாவிடமோ மெக்கானிக்கிடமோ கொடுங்கள். கியர்பாக்ஸைக் கழற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நாளில் அந்தக் குறிப்பு உதவும்.