ஏவல் கேட்கும் எந்திரம்

சென்னை மாநகரின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என அடுத்தடுத்து அமைந்த ஊர்களில், 1990ஆம் ஆண்டுகளின் பிற்பாதியில், ஒரு புதிய ஓசை சில வீடுகளில் கேட்கத் தொடங்கியது. முதலில் தொலைபேசி எண்ணை அழைக்கும் ஒலி எழும். அடுத்து நீண்ட சீழ்க்கை ஒன்று வரும். பின்னர் இரண்டு சீழ்க்கைகள் ஒன்றோடொன்று வழக்காடுவது போன்ற இரைச்சல் எழுந்து, திடீரென அடங்கும். அவ்வமைதி வந்துவிட்டால், வீட்டிலிருந்த கணிப்பொறி உலகத்தோடு இணைந்துவிட்டது என்பது பொருள். இரைச்சல் அடங்காமல் அறுந்துபோனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். அதற்கிடையே தொலைபேசிக் கட்டணமும் ஏறிக்கொண்டிருக்கும்.

இவ்வோசையை எழுப்பிய சிறு பெட்டிக்கு மோடம் என்பது பெயர். பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் தொடங்கிவைத்தது. அதற்கு முன்பே, 1986இல் உருவான எர்நெட் என்னும் கல்வி வலையமைப்பில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஓர் உறுப்பாக இருந்தது. அக்காலத்தில் அறிஞர்களின் மடல்கள் தொலைபேசிக் கம்பி வழியாகவே ஊர்விட்டு ஊர் சென்றன. இரண்டிடத்தும் வாயிலில் நின்று பணிபுரிந்தது மோடமே.

மோடத்தின் பணி யாது? கணிப்பொறிக்குத் தெரிந்தவை ஒன்று, சுழி என்னும் இரண்டு குறிகளே. தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலைச் சுமப்பதற்கென அமைந்தது. நொடிக்கு ஏறத்தாழ 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரையுள்ள ஒலிகளை மட்டுமே அது செவ்வனே கடத்தும். ஆகவே ஒன்றையும் சுழியையும் ஒலியாக மாற்றி அனுப்பவேண்டும். எதிர்முனையில் அவ்வொலியைக் கேட்டு மீண்டும் ஒன்றும் சுழியுமாக மாற்றவேண்டும். பழைய பன்னாட்டு முறை ஒன்றில், அழைப்பவரின் மோடம் 'ஒன்று' என்பதற்கு 980 அதிர்வும் 'சுழி' என்பதற்கு 1,180 அதிர்வும் கொண்ட ஒலிகளை எழுப்பும். விடைகூறும் மோடம் அவற்றுக்கு 1,650, 1,850 அதிர்வுகளைக் கையாளும். இருவரும் ஒரே நேரத்தில் பேசினாலும் குரல்கள் கலவாமைக்கு இதுவே காரணம். ஒலியின் மேல் செய்தியை ஏற்றுதலுக்கும் அதிலிருந்து இறக்குதலுக்கும் உரிய இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைப்பகுதிகளை ஒட்டியே மோடம் என்னும் பெயர் பிறந்தது.

தொடக்கக் காலத்து மோடம் ஓர் ஊமைக் கருவி. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனம் தன் கம்பியில் பிறருடைய கருவிகளை நேரே பொருத்துவதற்கு நெடுங்காலம் இடந்தரவில்லை. அதனால் மனிதர் ஒருவர் எண்ணைச் சுழற்றி அழைப்பார். எதிர்முனையில் சீழ்க்கை கேட்டதும், கைப்பிடியை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களுள் கவிழ்த்து வைப்பார். கணிப்பொறி எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டாலும், எண்ணைச் சுழற்ற ஒரு மனித விரல் வேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியவர்கள் அட்லாண்டா நகரைச் சேர்ந்த டென்னிசு ஹேய்சு, டேல் ஹெதரிங்டன் என்னும் இருவர். 1981இல் அவர்கள் விற்பனைக்குக் கொணர்ந்த 'ஸ்மார்ட்மோடம்' என்னும் பெட்டியுள் ஒரு சிறு கணிப்பொறிச் சில்லு இருந்தது. அதனால் அப்பெட்டி எழுத்துகளைப் படித்துப் பொருள் உணர்ந்தது. எண்ணைச் சுழற்று என்றால் சுழற்றியது. வை என்றால் வைத்தது. அதன் வேகம் நொடிக்கு 300 குறிகளே. ஓர் எழுத்துக்குப் பத்துக் குறிகள் வேண்டுமாதலால், நொடிக்கு முப்பது எழுத்துகள் செல்லும். 1,500 எழுத்துகள் கொண்ட ஒரு மடல் சென்று சேர ஐம்பது நொடி ஆகும். இன்று இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆயினும் அப்பெட்டி கற்ற மொழி இன்றளவும் வழக்கொழியவில்லை.

அம்மொழியின் ஒவ்வொரு கட்டளையும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தோடும் இருபதாம் எழுத்தோடும் தொடங்கும். 'கவனி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு ஒலிகள் அவை. அவ்விரண்டையும் ஏ, டி என்போம். இவ்விரு எழுத்துகளும் பொருளுக்காக மட்டும் தெரிந்தெடுக்கப்பட்டன அல்ல என்பது ஆராய்ந்து பார்த்தால் புலப்படும். கணிப்பொறி எவ்வேகத்தில் எழுத்துகளை அனுப்புகிறது என்பது மோடத்துக்கு முன்கூட்டியே தெரியாது. கம்பி வாளாவிருக்கும்போது அதில் 'ஒன்று' நிலவும். ஓர் எழுத்து வருமுன் அறிவிப்பாக ஒரு 'சுழி' வரும். முதல் எழுத்தாகிய ஏ என்பதன் எண் 65. அதனை இரண்டின் அடுக்காக எழுதிக் கடைக்குறி முதலாக அனுப்பினால் முதலில் வருவது 'ஒன்று'. ஆகவே அறிவிப்புச் சுழி இரண்டு ஒன்றுகளுக்கு நடுவே தனித்து நிற்கும். அச்சுழி எவ்வளவு நேரம் நீடித்தது என அளந்தாலே ஒரு குறியின் காலம் தெரிந்துவிடும். அதிலிருந்து வேகமும் தெரிந்துவிடும்.

அடுத்த எழுத்தின் பயன் வேறு. பிழை காண்பதற்கென ஒவ்வோர் எழுத்தோடும் கூடுதலாக ஒரு குறியைச் சேர்த்தனுப்பும் வழக்கம் உண்டு. அக்குறி, எழுத்திலுள்ள ஒன்றுகளின் தொகையை இரட்டைப்படையாக்குமாறு சேர்க்கப்படலாம், ஒற்றைப்படையாக்குமாறும் சேர்க்கப்படலாம். ஏ என்னும் எழுத்தில் ஒன்றுகள் இரண்டு. எண் 84 உடைய டி என்னும் எழுத்தில் ஒன்றுகள் மூன்று. ஆதலால் அவ்விரண்டோடும் வரும் கூடுதற் குறிகளை ஒப்பிட்டால் எம்முறை கையாளப்படுகிறது என்பது தெளியும். இரண்டே எழுத்துகளில் 'கவனி' என்னும் விளியும், வேகமும், பிழைகாணும் முறையும் அடங்கிவிட்டன. இவ்வளவு சிக்கனமான சொல் எம்மொழியிலும் அரிது.

கவனி என்றபின் கட்டளை. ஆங்கில நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து வந்தால் 'எண்ணை அழை' என்பது பொருள். எட்டாம் எழுத்தாகிய எச் வந்தால் 'இணைப்பைத் துண்டி'. மீண்டும் ஏ வந்தால் 'வரும் அழைப்பை எடு'. இறுதி எழுத்தாகிய இசட் வந்தால் 'பழைய நிலைக்குத் திரும்பு'. நான்காம் எழுத்தையும் இருபதாம் எழுத்தையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'டி' என ஒன்றுபோலவே தோன்றும். எந்திரத்துக்கோ அவை வெவ்வேறு.

அழை என்னும் கட்டளைக்குப் பின் எம்முறையில் அழைப்பது என்பதையும் சொல்லவேண்டும். பழைய தொலைபேசி நிலையங்கள் கம்பியில் மின்னோட்டம் விட்டுவிட்டு நிற்பதை எண்ணியே எண்ணை அறிந்தன. ஐந்து என்னும் இலக்கத்துக்கு ஐந்து துடிப்பு, சுழிக்குப் பத்துத் துடிப்பு. புதிய மின்னணு நிலையங்கள் இசையொலியைக் கேட்டே இலக்கத்தை அறிந்தன. பழைய நிலையத்தைச் சார்ந்த வீட்டில் இசைமுறைக் கட்டளையை இட்டால், மோடம் இனிமையாகப் பாடும்; நிலையமோ செவிசாய்க்காது. அங்கே துடிப்புமுறைக்குரிய 'பி' என்னும் எழுத்தையே சேர்க்கவேண்டும்.

தொழிலகங்களில் வேறொரு தடை இருந்தது. 1964இல் அமைக்கப்பெற்ற அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், தமக்கெனச் சிறு இணைப்பகம் வைத்துள்ள ஆலைகள் பல. அத்தகைய இடத்தில் வெளியே அழைக்க முதலில் ஓர் இலக்கத்தை அழுத்தி, வெளிக்கம்பி கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டும். மனிதனுக்கு இது சொல்லாமலே விளங்கும்; மோடத்துக்கு விளங்காது. ஆகவே அந்த இலக்கத்தின் பின் ஒரு காற்புள்ளி இடுவர். காற்புள்ளியைக் கண்டால் மோடம் இரண்டு நொடி நின்று, அதன்பின் மேற்செல்லும். இலக்கணத்தில் நின்று படிப்பதற்கென ஏற்பட்ட குறி, இங்கும் நிற்பதற்கே பயன்பட்டது!

இறக்குமதியான மோடம் இந்நாட்டில் அடிக்கடி ஒரு குறைகூறியது. கம்பி நன்றாக இருப்பினும், 'அழைப்பொலி இல்லை' என்று எழுதிக்காட்டிவிட்டு வாளாவிருக்கும். காரணம் எளியது. அமெரிக்கத் தொலைபேசியைக் கையிலெடுத்தால் கேட்கும் ஒலி 350, 440 அதிர்வுகள் கலந்தது. இந்தியாவில் கேட்பதோ 400 அதிர்வு ஒலியை 25 அதிர்வால் நடுங்கச்செய்தது. அயலூர் ஒலியை எதிர்பார்த்த மோடத்துக்கு நம் ஊர் ஒலி ஒலியாகவே படவில்லை. 'எக்ஸ் 3' என்னும் கட்டளையை முன்னே சேர்த்தால், அழைப்பொலிக்குக் காத்திராமல் எண்ணை அழைக்கும். இதனை அறியாதவர் பழுதில்லாத மோடத்தைப் பழுதென்று கருதுவதற்கு இடமிருந்தது.

மோடத்தின் மறுமொழிகளும் சிலவே. கட்டளை நிறைவேறினால் 'ஓ.கே.' என்னும். விளங்காவிட்டால் 'பிழை' என்னும். எதிர்முனையோடு இணைந்தால் 'இணைந்தது' என்று கூறி வேகத்தையும் சொல்லும். எதிர்முனையின் ஒலி அறுந்துவிட்டால் 'ஊர்தியொலி இல்லை' என்னும் பொருளில் இரண்டு ஆங்கிலச் சொற்களை எழுதும். வீட்டின் மற்றோர் அறையில் இருப்பவர் அதே கம்பியிலுள்ள வேறொரு தொலைபேசியை அறியாது எடுத்தாலே போதும். நெடுநேரமாக இறங்கிக்கொண்டிருந்த கோப்பு நின்றுபோய், அவ்விரு சொற்களே திரையில் நிற்கும்.

இதுகாறும் கூறியவற்றுள் ஒரு வினா மறைந்துள்ளது. கட்டளையும் எழுத்து, அனுப்பவேண்டிய மடலும் எழுத்து. இரண்டும் ஒரே கம்பி வழியாகவே மோடத்துக்கு வருகின்றன. இணைப்பு ஏற்பட்டபின் வரும் எழுத்துகளை எல்லாம் மோடம் பொருள் நோக்காமல் எதிர்முனைக்கு அனுப்பிவிடும். அவ்வாறாயின், இணைப்பைத் துண்டி என்று அதனிடம் எவ்வாறு சொல்வது? சொன்னால் அச்சொல்லும் மடலோடு சேர்ந்து போய்விடுமே!

ஹெதரிங்டன் கண்ட விடை மூன்று கூட்டற்குறிகள்: '+++'. இவற்றைக் கண்டால் மோடம் கட்டளை கேட்கும் நிலைக்குத் திரும்பும். ஆனால் மடலிலேயே யாரேனும் மூன்று கூட்டற்குறிகளை எழுதியிருந்தால்? அதற்காகவே ஒரு காவலை அவர் அமைத்தார். அக்குறிகளுக்கு முன் ஒரு நொடியும் பின் ஒரு நொடியும் எவ்வெழுத்தும் வாராதிருக்கவேண்டும். கணிப்பொறி ஒரு கோப்பை அனுப்பும்போது எழுத்துகள் இடைவிடாது ஓடும். அவ்வோட்டத்தின் நடுவே வரும் மூன்று குறிகளை மோடம் பொருட்படுத்தாது. அமைதி, குறிகள், அமைதி என்று வந்தால் மட்டுமே அது தலைநிமிர்ந்து 'ஓ.கே.' என்னும். அப்போதும் தொலைபேசி இணைப்பு அறுவதில்லை. துண்டிக்க வேண்டின் துண்டிக்கலாம். உரிய கட்டளை இட்டு உரையாடலைத் தொடரவும் செய்யலாம். சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது யாவரும் அறிந்தது. சொல்லாமைக்கும் பொருள் வகுத்ததே இக்கண்டுபிடிப்பின் நுட்பம்.

1985இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இம்முறையைக் கையாண்ட பிற நிறுவனங்கள் ஹேய்சு நிறுவனத்துக்கு உரிமைத்தொகை செலுத்தவேண்டியதாயிற்று. அதனை விரும்பாதார் சிலர், அமைதிக் காவலை நீக்கிவிட்டு, மூன்று குறிகளும் அவற்றை அடுத்து ஒரு கட்டளையும் வந்தால் போதும் என்று தம் மோடங்களை அமைத்தனர். மடலில் அவ்வாறான தொடர் வருவது எங்கே என்று அவர்கள் கருதியிருக்கக்கூடும்.

தற்செயலாக வருவது அரிதே. ஆனால் வேண்டுமென்றே வரவழைக்கலாம் என்பது 1998இல் வெளிப்பட்டது. இணையத்தில் ஒரு கணிப்பொறி உயிர்ப்புடன் உள்ளதா என அறிய, அதற்கு ஒரு சிறு பொதியை அனுப்புவது வழக்கம். பொதியில் உள்ள எழுத்துகளை அது அப்படியே திருப்பியனுப்பும். குறும்பர் சிலர் அப்பொதியுள் மூன்று கூட்டற்குறிகளையும் துண்டிக்கும் கட்டளையையும் எழுதி அனுப்பினர். பெற்ற கணிப்பொறி வழக்கப்படி அவற்றைத் திருப்பியனுப்ப முயன்றது. அவ்வெழுத்துகள் தன் மோடத்தின் வழியே வெளிச்செல்லும்போது, மோடம் அவற்றைத் தன் தலைவனின் ஆணை என்று கொண்டு இணைப்பை அறுத்தது. காவல் நொடிகளை உடைய மோடங்களோ அசையவில்லை. உலகின் எம்மூலையில் இருப்பவரும், தமக்கு முகமறியா ஒருவரின் தொலைபேசியை அவருடைய மோடத்தைக் கொண்டே துண்டிக்க முடிந்தது. ஒரு நொடி அமைதியை மிச்சப்படுத்தியதன் விலை இது.

ஹேய்சு நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1998இல் நொடித்து, அடுத்த ஆண்டு கலைக்கப்பட்டது. இந்தியாவில் தனியார் நிறுவனங்களும் இணையச் சேவை வழங்கலாம் என்று 1998இன் இறுதியில் இசைவு கிடைத்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே அவ்வாறு முதலில் வந்தவற்றுள் ஒன்று. 2005இல் பாரத் சஞ்சார் நிகம் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. அதே செப்புக் கம்பியில் பேச்சும் இணையமும் ஒருசேர ஓடின. வீடுகளில் கேட்ட இரைச்சல் படிப்படியாக ஓய்ந்தது.

எனினும் ஏ, டி என்னும் விளி ஓயவில்லை. செல்பேசிக்கான பன்னாட்டுத் தரங்களை வகுத்தவர்கள், புதுமொழி ஒன்றைப் படைக்காமல், ஹேய்சின் மொழியையே விரித்து எழுதினர். வண்டி எங்கே செல்கிறது என்று தெரிவிக்கும் கருவியிலும், வயற்கிணற்று மின்னோடியைச் செல்பேசியால் இயக்கும் பெட்டியிலும், தொலைவிலிருந்து அளவறிவிக்கும் மின்மானிகள் பலவற்றிலும் ஒரு செல்பேசி மோடம் அடங்கியுள்ளது. அதனிடம் அலைவலிமை எவ்வளவு என்று கேட்கும் கட்டளையும் 'கவனி' என்றே தொடங்கும். விடையாகச் சுழி முதல் 31 வரை ஓர் எண் வரும். அறிய முடியாவிட்டால் 99 வரும்.

குறுஞ்செய்தி அனுப்பவும் கட்டளை உண்டு. எண்ணைக் கொடுத்தால், மோடம் ஓர் அம்புமுனையைக் காட்டிச் செய்திக்காகக் காத்திருக்கும். செய்தியும் எழுத்து, முடிவும் எழுத்து என்னும் பழைய சிக்கல் இங்கும் உண்டு. ஆனால் இம்முறை அமைதியை நாடவில்லை. எழுத்தாக அச்சாகாத 26ஆம் எண் குறியை முடிவெல்லையாக வைத்தனர். அக்குறி வந்ததும் மோடம் செய்தியை வானில் விடுத்து, அதற்குரிய வரிசையெண்ணைக் கூறி, 1981இல் சொன்ன அதே 'ஓ.கே.'யைச் சொல்லும்.