பத்து ரூபாயும் பத்து நிமிடமும்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையம், மாலை ஆறு மணி. ஸ்ரீரங்கம் போகும் தனியார் பஸ்ஸில் பாதி சீட் காலி. "ஏறுங்கம்மா, எடுக்கப்போறோம்" என்று நடத்துநர் படியைத் தட்டுகிறார். கட்டைப்பையோடு நிற்கும் அந்த அம்மா அசையவில்லை. "கவர்மெண்ட் பஸ் வரட்டும் தம்பி." பத்து நிமிடம் கழித்து வருகிறது. நிற்கத்தான் இடம். ஏறிக்கொள்கிறார்.

2021 மே மாதம் சாதாரண கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் ரத்தானது. தனியார் டவுன் பஸ்கள் போட்டிபோட்டு ஓடும் ஊர் என்பதால், காசா நேரமா என்ற கணக்கைத் திருச்சியில் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தத் திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிஞ்சுவதாக மாநில திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அரை லிட்டர் ஆவின் நீலப் பாக்கெட் 20 ரூபாய் என்றால், மாதம் முழுக்கப் பால் வாங்கிய பிறகும் கையில் 288 ரூபாய் நிற்கும்.

அந்தப் பாலில் வீட்டிலேயே காபி போடலாம்தான். ஸ்ரீரங்கத்தில் காபிக்கடை வாசலில் டபராவை ஆற்றிக்கொண்டு நிற்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்! அவர்கள் வீட்டில் டிகாக்ஷன் இல்லாமலா? ஒரு காபி 20 ரூபாய் என்று வைத்தாலும் வருஷத்துக்கு 7,300 ரூபாய். தினசரி காபிக்குப் போகும் சில்லறையைச் சேர்த்தாலே முதுமைக்கு ஆகும் என்று சொல்லி, அதற்கு 'லாட்டே ஃபேக்டர்' என்று பெயரும் வைத்தார் அமெரிக்க எழுத்தாளர் டேவிட் பாக். கூட்டலில் தப்பில்லை. ஆனால் கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது, யார் பெண்ணுக்கு வரன் அமைந்தது என்ற பேச்செல்லாம் அந்த 20 ரூபாய்க்குள் அடக்கம் என்பதை அவர் சேர்க்கவில்லை. ஓய்வுபெற்றவர்களுக்கு அது வீட்டைவிட்டு வெளியே வர ஒரு சாக்கும்கூட.

நம் கணக்கு நிஜமாகவே இடறுவது வேறு இடத்தில். 1981-இல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். 15 டாலர் கால்குலேட்டர் இன்னொரு கடையில் 5 டாலர் குறைவு. 20 நிமிடம் வண்டி ஓட்டிப் போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். அந்தக் கால்குலேட்டரின் விலையே 125 டாலராக இருந்தபோது, அதே 5 டாலருக்காகக் கிளம்பத் தயாரானவர்கள் 29 சதவீதம்தான். காந்தி மார்க்கெட்டில் கீரைக்கட்டுக்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பவர், பெரிய கடை வீதியில் நகை பில்லில் ஐந்நூறு கூடினாலும் வாயைத் திறப்பதில்லை. சொமேட்டோ 2023 ஆகஸ்டில் பில்லின் அடியில் 2 ரூபாய் 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' சேர்த்தது. இரண்டு ரூபாய் யார் கண்ணில் படும்? 2024 அக்டோபரில் அது 10 ரூபாய் ஆகியிருந்தது.

அதற்காக வசதிக்குக் கொடுக்கும் காசெல்லாம் தண்டம் இல்லை. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் வான்கூவரில் 60 பேருக்கு ஒரு வார இறுதியில் பொருள் வாங்க 40 டாலரும், இன்னொரு வார இறுதியில் நேரத்தை மிச்சப்படுத்த 40 டாலரும் கொடுத்தார்கள். நேரத்துக்குச் செலவழித்த நாளில்தான் மனசு லேசாக இருந்ததாம்.

பஞ்சப்பூர் பேருந்து முனையம் 2025-இல் செயல்படத் தொடங்கிய பிறகு இது இன்னும் நன்றாகப் புரியும். சென்னை பஸ்ஸில் நம்பர் ஒன் டோல்கேட்டில் இறங்க வேண்டிய ஸ்ரீரங்கத்துக்காரர் அசந்து தூங்கிவிட்டால், கண் விழிப்பது ஊரின் மறுகோடியில். விடியற்காலை, தோளில் குழந்தை, கையில் பெட்டி. ஆட்டோக்காரர் சொல்லும் தொகை அப்போது அநியாயமாகத் தெரியாது.

அந்த அம்மா ராஜகோபுரம் நிறுத்தத்தில் இறங்குகிறார். நின்றே வந்ததில் முழங்கால் வலி. பையைக் கீழே வைத்துவிட்டு, கடைக்காரரைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்: "தம்பி, ஸ்ட்ராங்கா ஒண்ணு. சக்கரை கம்மி."