கை, கால் வந்தும் எழ முடியலையா? சர்க்கரையைப் பாருங்க!

புழல்:
பக்கவாதத்தில் பிழைத்தவர் வீட்டில் கேட்கும் பேச்சு: "கை, கால் வந்துடுச்சே, இன்னும் ஏன் படுத்தே கிடக்கிறார்?"

சோம்பேறித்தனம் அல்ல. பிழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அசதி உண்டு. கூடவே சர்க்கரையும் ஏறினால் கேட்கவே வேண்டாம்!

வாதம் தாக்கிய அதிர்ச்சியில், சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் அளவு எகிறுவதுண்டு. பிறகு இறங்கலாம், இறங்காமலும் நிற்கலாம். ஆகவே வீடு திரும்பியபின் மறுசோதனை அவசியம்.

அதற்காக மாத்திரையை இஷ்டத்துக்குக் கூட்டினால் வம்பு. சர்க்கரை திடீரென்று இறங்கினால் மயக்கம், பேச்சுக் குளறல். பார்ப்பவர்கள் மறுபடியும் வாதமோ என்று பதறுவார்கள். எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

வடசென்னைக்கு ஸ்டான்லி இருக்கிறது. 1948-ல் டாக்டர் எம். விசுவநாதன் சர்க்கரை வியாதிக்குத் தனிப்பிரிவு தொடங்கியது அங்கேதான். நடக்க முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே பெற, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.