வெளிமாநில வாடகை வீட்டு முதலீடு: நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம்

வெளிமாநில வாடகை வீட்டு முதலீடு என்பது ஒருவர் தாம் வசிக்கும் மாநிலத்துக்கு வெளியே வீடோ அடுக்குமாடிக் குடியிருப்போ வாங்கி, அதை வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டுவதாகும். கன்னியாகுமரி மாவட்டத்தவருக்கு மிக அருகிலுள்ள வெளிமாநில நகரம் திருவனந்தபுரம். நாகர்கோவிலிலிருந்து மதுரை ஏறத்தாழ 240 கி.மீ. தொலைவில் இருக்க, திருவனந்தபுரம் 70 கி.மீ.க்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. எனினும் களியக்காவிளையைத் தாண்டியதும் பதிவுக் கட்டணம், நில ஆவணம், வாடகைச் சட்டம், வழக்கு நடக்கும் நீதிமன்றம் ஆகிய அனைத்தும் மாறிவிடுகின்றன. முதன்முறையாக முதலீடு செய்பவர் இந்த மாற்றங்களையே முதலில் கற்க வேண்டும்.

பின்னணி

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதற்கு முன் இவை திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததால் ஆதாரம், கரம், தண்டப்பேர், புரையிடம் போன்ற சொற்கள் எல்லையின் இரு புறமும் வழங்குகின்றன. சொற்கள் பழக்கமானவை என்பதால் நடைமுறையும் ஒன்றுதான் என்று எண்ணுவது தவறு.

திருவனந்தபுரத்தில் வாடகைத் தேவை சில இடங்களில் குவிந்துள்ளது. 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கைச் சுற்றியுள்ள கழக்கூட்டம் பகுதியில் மென்பொருள் ஊழியர்கள் வாடகைக்கு வருகின்றனர். மருத்துவக் கல்லூரி, மண்டலப் புற்றுநோய் மையம், ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையம் ஆகியவற்றை ஒட்டி மாணவர்களும் மருத்துவப் பணியாளர்களும் நோயாளிகளின் குடும்பத்தினரும் வீடு தேடுகின்றனர். விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட பின் அப்பகுதியும் பேசப்படுகிறது. ஆனால் எதிர்கால வளர்ச்சி பற்றிய பேச்சை இன்றைய வாடகையாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

வருவாய்க் கணக்கு

கேரளத்தில் விற்பனை ஆதாரத்துக்கு முத்திரைத் தீர்வை 8 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். தமிழ்நாட்டில் இவை முறையே 7, 2 சதவீதம். விலையோடு இச்செலவையும் முதலாகக் கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடியிருப்பின் விலை 50 லட்சம் ரூபாய், மாத வாடகை 15,000 ரூபாய் என்று கொள்வோம்.

- மொத்த முதல்: பதிவுச் செலவு 5 லட்சத்தையும் சேர்த்து 55 லட்சம்
- ஓராண்டு வாடகை: 1,80,000
- ஒரு மாதம் காலியாக இருந்தால் இழப்பு: 15,000
- குடியிருப்போர் சங்கப் பராமரிப்பு, மாதம் 2,000 வீதம்: 24,000
- சொத்து வரி, பழுதுபார்ப்பு: 15,000
- கையில் நிற்பது: 1,26,000

இது முதலில் ஏறத்தாழ 2.3 சதவீதம் மட்டுமே. இதே வீட்டுக்கு 40 லட்சம் ரூபாயை 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 33,500 ரூபாய் வரும். வாடகையைக் கொண்டே கடனை அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை இங்கு பொருந்தாது. மீதித் தவணையைச் சொந்த வருமானத்திலிருந்து கட்ட முடியுமா என்பதே முதல் கேள்வி.

ஆவணச் சரிபார்ப்பு

தமிழ்நாட்டில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் கேட்பது வழக்கம். கேரளத்தில் பார்க்க வேண்டியவை:

- விற்பவரின் ஆதாரமும் அதற்கு முந்தைய முன்னாதாரங்களும்
- சார்பதிவாளர் அலுவலகம் தரும் பாத்யதா சான்று (வில்லங்கச் சான்றுக்கு நிகரானது)
- போக்குவரவு, அதாவது பெயர் மாற்றம், முடிந்து விற்பவர் பெயரில் தண்டப்பேர் இருப்பது
- கிராம அலுவலகத்தில் நடப்பாண்டு வரை கரம் கட்டிய ரசீது
- கட்டட அனுமதி, குடியேற்றச் சான்று, மாநகராட்சிச் சொத்து வரி ரசீது

இவை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். மலையாளம் வாசிக்கத் தெரியாதவர் உள்ளூர் வழக்கறிஞரிடம் எழுத்து வடிவில் சட்டக் கருத்துப் பெறுவது நல்லது.

குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சொல் 'நிலம்'. தமிழில் எந்த மண்ணையும் நிலம் என்போம். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீட்டு மனைக்குரியது 'புரையிடம்'. 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி, நிலம் எனப் பதிவான இடத்தை உரிய அனுமதியின்றி மாற்றிக் கட்டடம் கட்ட முடியாது. மனை மலிவாகக் கிடைத்தால் முதலில் இந்த வகைப்பாட்டைப் பார்க்க வேண்டும்.

புதிய அடுக்ககம் என்றால் அது கேரள ரெரா இணையதளத்தில் பதிவாகியுள்ளதா என்று பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் முன்பணம் வாங்கக் கூடாது.

பழைய வீடு என்றால் உள்ளே குடியிருப்பவர் யார், எந்த அடிப்படையில் இருக்கிறார் என்பதை நேரில் கேட்டறிய வேண்டும். பதிவு செய்யாத ஒத்தி, வாய்மொழி வாடகை ஆகியவை பாத்யதா சான்றில் தெரியாது.

வாடகைச் சட்டம்

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. அச்சட்டம் திருவனந்தபுரத்து வீட்டுக்குப் பொருந்தாது. அங்கு 1965-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே செல்லும். அதன்படி வாடகை பாக்கி, உரிமையாளரின் உண்மையான சொந்தத் தேவை, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதல் போன்ற காரணங்களைக் காட்டி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்தே வாடகைதாரரை வெளியேற்ற முடியும். ஒப்பந்தக் காலம் முடிந்தது என்பது மட்டும் போதாது.

அசையாச் சொத்து வழக்கு அச்சொத்து இருக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் நடக்கும். ஆகவே தகராறு வந்தால் நாகர்கோவிலில் அல்ல, திருவனந்தபுரத்தில் வழக்கறிஞர் வைக்க வேண்டும்.

வரி

வாடகை வருமானத்தில் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென வருமான வரிச் சட்டம் கழிக்க விடுகிறது. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில், அதனால் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட இயலாது.

வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வளைகுடா போன்ற வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த வரம்பு பொருந்தாது. கூடுதல் விகிதத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவரையே சேரும்.

தொலைவிலிருந்து பராமரித்தல்

சாவி வைத்திருக்கவும் குழாய், மின்சாரப் பழுதைப் பார்க்கவும் நம்பகமான ஒருவர் அருகில் தேவை. அவருக்குத் தரும் கூலியும் செலவுக் கணக்கில் சேரும். அவருக்கு அதிகார ஆவணம் எழுதிக் கொடுத்தால் வாடகை வசூல், பழுதுபார்ப்பு, வழக்கில் முன்னிலையாதல் ஆகியவற்றோடு நிறுத்த வேண்டும். விற்கும் உரிமையைச் சேர்க்கக் கூடாது. வாடகையை வங்கிக் கணக்கில் மட்டும் பெறுவதும், வாடகைதாரரின் அடையாளச் சான்று நகலை வைத்திருப்பதும், ஆண்டுக்கு இருமுறையேனும் வீட்டை நேரில் பார்ப்பதும் பின்னாளில் சான்றாக உதவும்.

தொடக்கநிலையாளர் முன்பணம் கொடுப்பதற்கு முன் வாடகைக் கணக்கு, வழக்கறிஞரின் கருத்து, வீட்டை நேரில் பார்த்தல் ஆகிய மூன்றையும் முடித்திருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வாங்குவதைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பானது.