மலையேறும் வண்டியில் வால்வு இருக்கிறதா?

விளைந்ததை நாமே கொண்டுபோய் விற்க வேண்டும் என்று முடிவெடுத்த உழவர் எல்லோரும் ஒருநாள் ஒரு பழைய பிக்கப் வண்டியில் வந்து நிற்கிறோம். நானும் அப்படித்தான். வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வந்த பணத்தில் ஒரு பகுதி, ராஜபாளையம் அய்யனார் கோவில் ரோட்டில் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குக் கீழே இருக்கும் தோப்புக்குப் போனது. இன்னொரு பகுதி, ஏற்கனவே ஒருவர் ஓட்டிய டீசல் பிக்கப்புக்குப் போனது. மண்ணைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஆள் இருந்தார்கள். வண்டியைப் பற்றிக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

மாதம் இரண்டு லோடு மூணாறுக்குப் போகும். தேங்காய், நெல்லி, எலுமிச்சை, முருங்கைக்கீரை. ஸ்ரீவில்லிபுத்தூர், பேரையூர், உசிலம்பட்டி, தேனி, போடி, அப்புறம் போடிமெட்டு ஏற்றம். மற்ற நாட்களில் உள்ளூர் ஓட்டம், சாணி ஏற்றுவது, தேங்காய் மட்டை இறக்குவது.

வங்கிப் பழக்கம் விடாது. டீசல் போடும்போதெல்லாம் கிலோமீட்டரையும் லிட்டரையும் ஒரு நோட்டில் எழுதிவிடுவேன். சித்திரை வரைக்கும் லிட்டருக்கு 12.8 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, ஐப்பசியில் 11.1க்கு வந்துவிட்டது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 18 லிட்டர் கூடுதல். 18 லிட்டர் எங்கே போகிறது? ஆனி மாதம்தான் ஒரு தம்பி ஓட்டுநராகச் சேர்ந்திருந்தார். என் மனம் நேராக அங்கேதான் போனது. நேரில் கேட்கவில்லை, ஆனால் டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டேன். அது கேட்டதற்குச் சமம்தானே. கார்த்திகையில் அவர், "நான் நின்னுக்கிறேன் சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்கழி லோடுக்கு நானே ஓட்டினேன். தோப்பிலிருந்து கிளம்பும்போது மணி மூன்று. யானை நடமாட்டம் உள்ள ஓரம் என்பதால் அந்த நேரத்தில் வண்டி ஒரே சாவியில் கிளம்ப வேண்டும். நாலைந்து தடவை உறுமிவிட்டுத்தான் கிளம்பியது. பின்னால் வெள்ளைப் புகை, எரியாத டீசல் வாடை. போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் பனிமூட்டம் இறங்கி, கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்துவிட்டது. ஹீட்டரைத் திருகினால் வந்தது பச்சைக் காற்று. முழு லோடுடன் ஏறுகிற வண்டியில் வெப்ப முள் அடியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒரு கையில் துண்டை வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஏறினேன். அன்றைக்கு எதிரே வந்த ஜீப் ஒன்று என்னை முந்நூறு அடிப் பள்ளத்தில் தள்ளாமல் போனது என் நேரம்.

மேலே டீக்கடையில் ஒரு லாரி ஓட்டுநரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "வால்வு இருக்கா சார், கழட்டிட்டாங்களா?"

அவர் கேட்டது தெர்மோஸ்டாட் வால்வை. இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீர், ரேடியேட்டருக்குப் போகும் வழியில் இருக்கும் கதவு அது. உள்ளே மெழுகு அடைத்த சின்னக் குப்பி இருக்கும். தண்ணீர் சுமார் 82 டிகிரி ஆகும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். அதுவரை தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கும். கதவே இல்லையென்றால், கிளம்பிய நொடியிலிருந்து தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்துகொண்டே இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் வெயில் காலத்தில் வண்டி சூடானால் முதலில் செய்வது இந்த வால்வைக் கழற்றி எறிவதுதான். "நம்ம ஊருக்கு இது வேண்டாம் சார், குளிர் நாட்டுக்காரன் வச்சது" என்பார்கள். மே மாதம் என் வண்டியிலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். நோட்டைப் புரட்டினேன்: "கூலிங் வேலை, கேஸ்கட்" என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு வண்டி சூடானதன் காரணம் வேறு. போர்வெல் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தது.

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறில், பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் டீசல் பற்றும். சுற்றியுள்ள இரும்பு குளிர்ந்தே இருந்தால் அந்தச் சூட்டை அது உறிஞ்சிவிடும், டீசல் முழுதாக எரியாது. எலக்ட்ரானிக் வண்டிகளில் கம்ப்யூட்டரும், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கூடுதல் டீசல் கொடுத்துக்கொண்டே இருக்கும். என் 18 லிட்டர் போன வழி இதுதான். எரியாத டீசலில் கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. ஆயில் பார்க்கும் கம்பியை உருவினேன். மேல் கோட்டுக்கும் மேலே நின்றது, முகர்ந்தால் டீசல் வாடை. ஆயில் குறைந்தால் பயப்படுவோம், கூடினால் சந்தோஷப்படுவோம். கூடுவதுதான் ஆபத்து. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி. காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், துண்டும் கையும் ஃபேனுக்குப் பக்கத்தில் போகாமல். பெரும்பாலான வண்டிகளில் அந்த ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட வேண்டும். வால்வு திறந்ததற்கு அடையாளம் அது. ஆரம்பத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடி சிக்கியிருக்கிறது. இன்ஜின் கொதிக்கும்போதும் ஹோஸ் குளிர்ந்திருந்தால் மூடியபடி சிக்கியிருக்கிறது. எந்த நிலையிலும் சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

புது வால்வை வாங்கியதும் நூலில் கட்டி, சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தேன். "சாம்பார் வைக்கிற சட்டிதான் கிடைச்சுதா?" என்றாள் வீட்டுக்காரி. நியாயமான கேள்விதான். வால்வில் அச்சடித்த டிகிரி வரும்போது அது மெல்லத் திறப்பதைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மாட்டச் சொன்னேன். வால்வும் கேஸ்கட்டும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, கூலண்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாக ஊற்றினோம். கூலண்ட் உறையாமல் இருப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். துருவையும் உப்பையும் அண்டவிடாது, கொதிநிலையையும் ஏற்றும். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம்.

வால்வு போட்டும் ஒரு குறை நின்றது. மூணாறில் இரவு தங்கிவிட்டால் காலையில் கிளம்ப மறுத்தது. அது ஹீட்டர் பிளக் கோளாறு. சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் இந்தப் பிளக்குகள் கிளம்புமுன் உள்ளே சூடேற்றித் தருபவை. டேஷ்போர்டில் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்துச் சாவியைத் திருக வேண்டும் என்பது இவற்றுக்காகத்தான். ராஜபாளையத்துக் குளிரில் இவை செத்திருந்தாலும் வண்டி கிளம்பிவிடும், அதனால் நமக்குத் தெரியாது. தை மாத விடியலில் பூஜ்யத்தைத் தொடும் மூணாறில்தான் குட்டு வெளிப்படும். வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால், நல்ல பிளக் ஒரு ஓம் அளவுக்கோ அதற்குக் கீழோ காட்டும். என் நாலில் இரண்டு ஒன்றுமே காட்டவில்லை. பிளக் நன்றாக இருந்தால் ஃபியூஸ், ரிலே, பேட்டரி என்று வரிசையாகப் பாருங்கள். பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது, உள்ளேயே வெடிக்கும்.

டீசல் உறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். நம் மலைகளில் அது அநேகமாக நடக்காது. லடாக் போன்ற இடங்களில் டீசலில் உள்ள மெழுகு கெட்டியாகும். அதற்காகவே 2019இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. நம் தொல்லை ஃபில்டரில் தேங்கும் தண்ணீர். அடியில் உள்ள திருகைத் தளர்த்தி மாதம் ஒருமுறை வடித்துவிட்டால் போதும்.

மேலே ஏறும்போது இழுவை குறைவது இன்னொரு கணக்கு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு போலக் குறைகிறது. அதோடு தோப்புப் புழுதி அடைத்த ஏர் ஃபில்டரும் சேர்ந்தால் கரும்புகைதான். மலை லோடுக்கு முந்தின நாள் நான் ஃபில்டரைத் தட்டிப் பார்க்காமல் விடுவதில்லை.

அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். இப்போது ஒரு மில் வேன் ஓட்டுகிறார். நோட்டைக் காட்டி, வால்வைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவர் போன பிறகும் மைலேஜ் ஏறவில்லை என்பது நோட்டிலேயே இருந்தது. முப்பது வருஷம் மற்றவர் கணக்கைச் சரிபார்த்தவனுக்கு அது கண்ணில் படவில்லை. "மேட்டுல முள்ளு ஏறலன்னு ரெண்டு தடவை சொன்னேனே சார்" என்றார். சொல்லியிருக்கிறார். சூடாகாமல் இருப்பது நல்லதுதானே என்று பதில் சொன்னவன் நான். அவர் அம்மா காப்பி கொடுத்தார்கள். திரும்பி வேலைக்கு வருகிறாயா என்று கேட்க வாய் வரவில்லை.

பூட்டைக் கழற்றிவிட்டேன். வால்வு போட்ட பிறகு நோட்டில் உள்ள கடைசி மூன்று பதிவுகள்: 12.4, 12.7, 12.6.