வால்வை மாற்றுமுன்

வால்வு ஆம்ப்ளிபையரையும் பழைய ரேடியோகிராமையும் இன்றும் போற்றி வைத்திருப்போர் நம்மிடையே பலர் உளர். தம்பூராவின் சுருதியும் வீணையின் கமகமும் அதில் கேட்பதே தனியின்பம் என்பர். நாளடைவில் ஒலி மங்குகிறது. அல்லது கரகரப்புத் தோன்றுகிறது. உடனே, "வால்வு போய்விட்டது" என்று முடிவு கட்டிக் கடைக்கு விரைகிறோம். புதிய வால்வைச் செருகியதும் சில வேளை இசை மீள்கிறது. சில வேளையோ, அருமையாகத் தேடிப்பெற்ற வால்வும் ஒரு திங்களுக்குள் மாண்டுபோகிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? வால்வின் பெயரும் புகழும் அன்று. அது சென்று அமரும் இடம் அதற்கு ஏற்றதா, அந்த இடம் நலமாக உள்ளதா என்பவையே காரணம். இவ்விரு கேள்விகளுக்கும் விடை காணும் வழியை இங்குக் காண்போம்.

இவ்விஷயத்தில் பெங்களூருக்குத் தனி உரிமை ஒன்று உண்டு. இந்திய அரசு 1954-ஆம் ஆண்டில் நிறுவிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம், நகரின் வடபாலுள்ள ஜாலஹள்ளியில் தன் தொழிற்சாலையை அமைத்தது. 1961-இல் அங்கு ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கினர். அடுத்த ஆண்டே ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர் போன்ற பொருள்களும், 1964-இல் அகில இந்திய வானொலிக்கான ஒலிபரப்பிகளும் உருவாயின. வால்வையும் அதை வீழ்த்தவிருந்த டிரான்ஸிஸ்டரையும் ஒரே நிறுவனம் ஓராண்டு இடைவெளியில் செய்யத் தொடங்கியது ஒரு விந்தையே. வால்வுத் தயாரிப்பு பின்னர் நின்றுபோயிற்று. ஆயினும், அங்குப் பிறந்த ஈ.சி.சி. 83, ஈ.எல். 84 முதலிய வால்வுகள் இன்றும் பழைய பெட்டிகளிலிருந்தும், பழுது பார்ப்போரின் இழுப்பறைகளிலிருந்தும், எஸ்.பி. ரோடு போன்ற கடைவீதிகளிலிருந்தும் அவ்வப்போது வெளிப்படுகின்றன. இவை இனிப் பெருகப் போவதில்லை. ஆதலின் ஒன்றை வீணாக்கினால், ஒன்று குறைந்ததாகவே கொள்ள வேண்டும்.

வால்வு என்பது யாது? காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுள் ஒரு மெல்லிய கம்பி சூடேறுகிறது. அச்சூட்டினால் காத்தோடு என்னும் பகுதியிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, எதிரே உயர்ந்த நேர் மின்னழுத்தத்திலுள்ள பிளேட்டை நோக்கிப் பாய்கின்றன. ஆங்கிலேய அறிஞர் பிளெமிங் 1904-இல் அமைத்த குழலில் இவ்வளவே இருந்தது. மின்சாரம் அதில் ஒரு திசையில் மட்டுமே சென்றது. 1906-இல் அமெரிக்கரான டி பாரஸ்ட் இடையே கிரிட் என்னும் மூன்றாவது உறுப்பைப் புகுத்தினார். ஏரியின் மதகை நினைவிற் கொள்வோம். மதகுப் பலகையைச் சிறிது உயர்த்தவும் தாழ்த்தவும் ஒருவர் கைவலி போதும். அதற்கேற்பக் கால்வாயில் பாயும் நீரோ ஊரையே நனைக்கும். கிரிட்டில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாறுதலும் அவ்வாறே பிளேட்டின் பெரிய மின்னோட்டத்தை ஆளுகிறது. பெருக்கம் என்பது இதுவே.

வீட்டு ஆம்ப்ளிபையரில் வால்வுகள் மூன்று வகைப் பணிகளைச் செய்கின்றன. 1954-இல் முல்லார்டு நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து வால்வுகள்; கிடைக்கும் ஆற்றல் பத்து வாட். ஈ.எப். 86-உம் ஈ.சி.சி. 83-உம் நுண்ணிய குறியைப் பெருக்குகின்றன. ஈ.எல். 84 இரண்டு ஒன்றையொன்று எதிர்த்திசையில் இயங்கி ஒலிபெருக்கியை ஓட்டுகின்றன. ஐந்தாவது வால்வு, மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கி மற்ற நான்குக்கும் உணவளிக்கிறது. நம் வீட்டுப் பெட்டி வேறு விதமாயினும் பெரும்பாலும் இம்மூன்று பணிகளே அதிலும் இருக்கும். எந்த இடத்து வால்வு எந்தப் பணியைச் செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு வால்வின் பெயரே துணை செய்யும். ஐரோப்பிய வரிசையில் முதல் எழுத்து சூடேற்றும் முறையைக் குறிக்கும். ஈ என்றால் 6.3 வோல்ட்; யு என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு. அடுத்து வரும் எழுத்துகள் உறுப்பைக் குறிப்பன. சி என்பது மூன்று உறுப்புகளையுடைய டிரையோடு, சி.சி. எனில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு டிரையோடுகள். எல் என்பது ஆற்றல் தரும் பென்ட்டோடு. இசட் என்பது முழு அலை ரெக்டிபையர். இறுதி எண்ணில் 8 முன்னின்றால் ஒன்பது ஊசிச் சாக்கெட்டு. 3 முன்னின்றால் பெரிய எட்டு ஊசிச் சாக்கெட்டு. அமெரிக்கர் இவற்றுக்கே வேறு பெயர் வைத்தனர். ஈ.சி.சி. 83 அவர்களிடம் 12 ஏ.எக்ஸ். 7, ஈ.எல். 84 அவர்களிடம் 6 பி.க்யூ. 5. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே. ஆதலால் இவற்றுள் ஒன்றுக்கு ஒன்றைத் தயக்கமின்றி மாற்றலாம்.

சாக்கெட்டில் நுழைவதெல்லாம் மாற்று வால்வு ஆகிவிடாது. இதற்குச் சில எடுத்துக்காட்டுகள் கூறுவோம். ஈ.சி.சி. 83, 81, 82 ஆகிய மூன்றுக்கும் ஊசி அமைப்பு ஒன்றே. ஆயினும் பெருக்க எண் 83-க்கு 100. 81-க்கு ஏறத்தாழ 60. 82-க்கு ஏறத்தாழ 17. 83-இன் இடத்தில் 82-ஐ வைத்தால் பெட்டி கெடாது. ஆனால் ஒலி குறையும். சுற்றிலுள்ள மின்தடைகள் வேறொரு வால்வுக்காகக் கணக்கிடப்பட்டவையாதலால் ஒலியின் தூய்மையும் குன்றக்கூடும். அதே ஒன்பது ஊசியுடைய ஈ.சி.சி. 85-ஐ அங்குச் செருகினாலோ அது சூடேறவே மாட்டாது. 83-ஐ 6.3 வோல்ட்டில் ஏற்றும்போது 4, 5 ஆகிய ஊசிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு முனையாகவும், 9-ஆம் ஊசியை மறு முனையாகவும் வைப்பர். 85-இலோ ஹீட்டர் 4-க்கும் 5-க்கும் இடையில் உள்ளது. 9-ஆம் ஊசி உள்ளிருக்கும் தடுப்புத் தகட்டைச் சேர்ந்தது.

ரெக்டிபையரிலும் இத்தகைய கவனம் வேண்டும். ஈ.இசட். 80 தரவல்லது 90 மில்லி ஆம்பியர், ஈ.இசட். 81 தரவல்லது 150. எண்பத்தொன்றின் இடத்தில் எண்பதை வைத்தால் அது தன் வலிமைக்கு மீறி உழைத்து விரைவில் அழியும். மறுபுறம், எண்பத்தொன்றின் ஹீட்டர் 1 ஆம்பியர் கேட்கும், எண்பதுக்கு 0.6 போதும். டிரான்ஸ்பார்மர் அவ்வளவு கொடுக்குமா என்று பாராமல் மாற்றலாகாது. எட்டு ஊசிப் பெரிய வால்வுகளில் 6 எல். 6-க்கு ஹீட்டர் 0.9 ஆம்பியர், ஈ.எல். 34-க்கு 1.5 ஆம்பியர். மேலும் ஈ.எல். 34-இல் மூன்றாவது கிரிட் 1-ஆம் ஊசியில் தனியே வெளிவருகிறது, 6 எல். 6-க்கென அமைத்த பெட்டியில் அவ்வூசிக்கு இணைப்பே இல்லாமலும் இருக்கலாம்.

இனி, இடம் நலமாக உள்ளதா என்பதைப் பார்ப்போம். அதற்குமுன் ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்ப்ளிபையரின் உள்ளே 250 முதல் 400 வோல்ட்டுக்கு மேலும் நேர்திசை மின்சாரம் உலவும். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்ஸர்களில் அது தங்கியிருக்கும். உயிரைக் கவர அது போதும். யு வரிசை வால்வுகளையுடைய சில ரேடியோக்களில் உலோக அடித்தட்டே வீட்டு மின்கம்பியுடன் நேரே இணைந்திருக்கும். ஆதலால் மூடியைத் திறந்து அளவெடுக்கும் வேலை பழகியவர்க்கே உரியது. பழகியவரும் தக்க மின்தடையின் வழியாகக் கண்டென்ஸரை வெறுமையாக்கி, மீட்டரால் அதை உறுதி செய்துகொண்டே கை வைக்க வேண்டும். ஒலிபெருக்கியை இணைக்காமல் ஆம்ப்ளிபையரை ஓட்டுவதும் தகாது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் அதனால் பழுதுபடும்.

நல்ல வால்வைக் கொல்லும் முதற் பகைவன், அதன் கிரிட்டுக்கு முன்னுள்ள பழைய கண்டென்ஸர். குறியை விடுத்து நேர்திசை மின்சாரத்தைத் தடுப்பதே அதன் கடமை. மூப்பினால் அது கசியத் தொடங்கினால், கிரிட் நேர் மின்னழுத்தம் பெறும். மதகு திறந்தே கிடந்தால் நீர் என்னாகும்? மின்னோட்டம் பெருகிப் பிளேட் செந்நிறமாகக் கனலும். அதைக் கண்டால் நொடியும் தாமதியாது அணைக்க வேண்டும். அவ்விடத்தில் புதிய வால்வைச் செருகுவது, ஓட்டைப் பானையில் மீண்டும் நீர் வார்ப்பதே ஆகும். பாட்டு இல்லாதபோது, காத்தோடு மின்தடையைக் கொண்ட அமைப்பில், கிரிட்டின் மின்னழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியிருக்க வேண்டும். நேர் மின்னழுத்தம் தென்பட்டால், வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி அளக்கலாம். அப்போதும் நீடித்தால் குற்றம் கண்டென்ஸருடையது. மறைந்துவிட்டால் வால்வினுள் வாயு புகுந்துள்ளது எனலாம்.

வால்வு தாங்கும் அளவில்தான் உழைக்கிறதா என்பதையும் எளிய கணக்கால் அறியலாம். ஓர் ஈ.எல். 84-இன் காத்தோடில் 270 ஓம் மின்தடை இருப்பதாகவும், அதன் குறுக்கே 10.8 வோல்ட் காட்டுவதாகவும் கொள்வோம். 10.8-ஐ 270-ஆல் வகுக்க 40 மில்லி ஆம்பியர் வரும். அதில் ஏறத்தாழ 4 மில்லி ஆம்பியர் இரண்டாவது கிரிட்டுக்குப் போக, பிளேட்டுக்கு 36. பிளேட்டுக்கும் காத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் இருப்பின், வால்வு வெப்பமாக வெளியிடுவது 10.8 வாட். அதற்கு விதித்த எல்லை 12 வாட், ஆகவே அச்சமில்லை. பதினான்கு எனக் கணக்கு வந்தால், எவ்வளவு உயர்ந்த வால்வும் நெடுநாள் வாழாது. ஹீட்டர் 6.3 வோல்ட்டிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் வால்வின் ஆயுள் தேயும். பழைய பெட்டிகளின் பின்புறம் 210, 230, 250 என்ற இடமாற்றிகள் இருப்பதுண்டு. வீட்டு மின்சாரத்துக்குப் பொருந்தும் இடத்தில் அது நிற்கிறதா எனவும் பார்த்துக்கொள்வோம்.

கடையில் பழைய வால்வை வாங்கும்போது கண்ணே முதற் கருவி. கண்ணாடியின் உச்சியில் வெள்ளி பூசினாற்போன்ற திட்டு இருக்கும். அது பால் வெண்மையாக மாறியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அவ்வால்வு பயனற்றது. ஊசிகள் துருவேறாமலும் வளையாமலும் இருக்க வேண்டும். இயங்கும்போது கண்ணாடியின் உட்புறத்தில் படியும் நீலச்சாயல் தீங்கற்றது. உறுப்புகளுக்கிடையே செவ்வூதாவாகப் பரவும் ஒளியோ வாயுவின் அடையாளம். ஓடும் ஆம்ப்ளிபையரில் முதல் நிலை வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் ஒலிபெருக்கியில் மணிபோல் எதிரொலித்தால், அதை அவ்விடத்திலிருந்து விலக்கிக் குறைந்த பெருக்கமுள்ள இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பெயரச்சு எளிதில் அழியக் கூடியது. ஈரத்துணியால் துடைத்தல் வேண்டா. இணையாக இயங்கும் இரண்டு ஈ.எல். 84-களின் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்திருப்பது நன்று. இல்லையேல் டிரான்ஸ்பார்மரின் இரும்பு ஒருபுறமாகக் காந்தமேறி, மிருதங்கத்தின் தொப்பி ஓசை மெலியும். பழையது கிடைக்காவிடில் வருந்த வேண்டியதில்லை. ரஷ்யாவிலும் சுலோவாக்கியாவிலும் சீனாவிலும் இவ்வகை வால்வுகள் இன்றும் உருவாகின்றன.

இறுதியாக, எந்த நிறுவனத்து வால்வு இனிமை தரும் என்ற கேள்வி. இதற்காகப் பெருந்தொகை செலவிடுவோர் உளர். ஒரே வகையைச் சேர்ந்த நலமான இரு வால்வுகளுக்கிடையே பெருக்கத்திலும் இரைச்சலிலும் சிறு வேறுபாடுகள் இருக்கக்கூடும். ஆனால் நம் செவிக்கு ஓர் இயல்பு உண்டு. சற்றே உரக்க ஒலிப்பதை அது இனியது என்று கொள்ளும். ஆதலின் ஒலியளவை ஒன்றாக்கி, எது எவ்விடத்தில் உள்ளது என்று நமக்குத் தெரியாதபடி வேறொருவர் மாற்றி வைக்க, ஒரே பாட்டைப் பலமுறை கேட்போம். அப்போதும் வேறுபாடு புலனானால் விரும்பியதை வாங்கலாம். புலனாகாவிடில், அப்பணத்தில் மூத்துப்போன கண்டென்ஸர்களை மாற்றுவதே மேல்.

ஆகவே முறை இதுவாகும்: முதலில் பழைய வால்வு ஏன் ஓய்ந்தது என்று கேட்போம், அடுத்துச் சுற்றைச் செப்பம் செய்வோம், பெயரும் ஊசியும் ஹீட்டரும் பொருந்தக் காண்போம், அதன் பின்னரே புதியதைச் செருகுவோம். ஜாலஹள்ளியில் யாரோ ஒரு தொழிலாளி பல்லாண்டுகளுக்கு முன் உருவாக்கிய சிறு கண்ணாடிக் குழல், இம்முறையைக் கைக்கொள்வோர் வீட்டில் இன்னும் நெடுங்காலம் பாடிக்கொண்டிருக்கும்.