ஆஸ்பத்திரி தூரமா இருந்தாலும் செலவு, பக்கத்துல இருந்தாலும் செலவு!

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூர்தான் எங்க ஊர்.

பெரியப்பாவுக்கு சுகர். கால்ல சின்னப் புண். "மேலூர் போனா ஒரு நாள் வேலை கெடும்"னு மூணு வாரம் தள்ளிப் போட்டுட்டார். கடைசியில மதுரையில ஒன்பது நாள் அட்மிஷன். கால் தப்பிச்சது, ரெண்டு விரல் போச்சு.

அதே மாசம் மதுரை டவுன்ல இருக்கிற அத்தை மகனுக்குக் காய்ச்சல். தெருமுனையிலேயே ஆஸ்பத்திரி, கையில கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு. "எதுக்கும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க"ன்னாங்க, இருந்துட்டான்.

ஒருத்தரை தூரம் படுக்க வெச்சது, இன்னொருத்தரை அருகாமை படுக்க வெச்சது. 1959-லயே அமெரிக்காவுல மில்டன் ரோமர் இதைக் கவனிச்சார். இன்சூரன்ஸ் பரவலா இருக்கிற ஊர்ல படுக்கையைக் கூட்டினா, கூட்டினதும் நிரம்பிடும். இதுக்கு 'ரோமர் விதி'ன்னே பேரு.

இதுல நம்ம பணம் எங்க மாட்டுது? பெரும்பாலான பாலிசி, பொதுவா 24 மணி நேரம் அட்மிட் ஆனாத்தான் பணம் தரும். டாக்டர் ஃபீஸ், மாத்திரை, டெஸ்ட் எல்லாம் நம்ம பாக்கெட்தான். அதனால 500 ரூபா செலவைத் தள்ளிப் போட்டு, லட்ச ரூபா பில்லுல போய் நிக்கிறோம்.

இந்த வாரமே மூணு வேலை செய்யுங்க:

1. அப்பா அம்மா இருக்கிற ஊரை வெச்சு பாலிசியைப் பாருங்க. நீங்க சென்னையில இருக்கலாம், அவங்களுக்குப் பக்கத்துல கேஷ்லெஸ் ஆஸ்பத்திரி எதுன்னு இப்பவே குறிச்சு வைங்க.

2. மாசம் 1,500 ரூபா தனியா ஒதுக்குங்க. அது சின்ன வைத்தியத்துக்கு மட்டும். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே இலவசமா கொண்டு வர்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்ல இருந்து நடக்குது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிவு பண்ணுங்க.

3. 60 வயசு ஆன பெற்றோருக்கு பாலிசியே இல்லையா? அவங்க மருத்துவச் செலவை கேஷா கட்டாம யுபிஐ, கார்டுல கட்டுங்க. பழைய வரி முறையில இருந்தா வருஷம் 50,000 ரூபா வரைக்கும் கழிக்கலாம். பில்லைப் பத்திரமா வைங்க.

பெரியப்பா மூணாவது நாளே போயிருந்தா, அந்த ரெண்டு விரல் இருந்திருக்கலாம். எந்த பாலிசியும் அதைத் திருப்பித் தராது. இன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "கடைசியா சுகர் எப்ப பார்த்தீங்க?"ன்னு கேளுங்க.